காசிமிரா ருசி பார்க்காத பர்கர்

சாந்தா ஆனா ஊர் வழியாக வடக்கே போகிற லாரிக்காரன் எவனை வேண்டுமானாலும் கேளுங்கள், காசிமிராவின் வண்டியைத் தெரியாது என்று சொல்லமாட்டான். தண்டவாளத்தைத் தாண்டி, பழைய டயர்க் கடைக்கு எதிரே, தகரக் கூரை போட்ட தள்ளுவண்டி. வெயில் தாழ்ந்ததும் அங்கே சீமைக்கருவேலங்கரியின் புகை எழும்பும். புகையைப் பார்த்ததும் லாரிகள் தாமாக ஓரங்கட்டும்.

அவள் போடுவது மெக்சிகோவின் வடகோடியில் நம் சொனோரா பக்கத்துப் பர்கர். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பொரிப்பதெல்லாம் கிடையாது. கொத்துக்கறியை மெல்லிசாகத் தட்டி, கம்பித்தட்டில் வைத்து நெருப்பில் நேராகச் சுடவேண்டும். அதன்மேல் சீஸ் உருகி ஓரத்தில் வழியவேண்டும். பச்சை நீளமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, நறுக்காமல் முழுசாகப் படுக்க வைக்கவேண்டும். வெண்ணெய்ப்பழம், தக்காளி, வெண்ணெய் தடவி அதே கம்பியில் வாட்டிய பெரிய பன். இரண்டு கையால் பிடித்தாலும் சாறு முழங்கைவரை ஓடும். சட்டையில் கறைபடாமல் அதைத் தின்றவன் சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவையும் செய்தவள் அதை ஒரு துண்டுகூட வாயில் போட்டதில்லை. கையில் ஒட்டியதை நக்கியதில்லை. ஒருதரம் கொழுப்புத் தெறித்து உதட்டில் பட்டதற்கு, ஐந்தாறு பேர் காத்து நிற்கையிலேயே அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய், சோப்புப் போட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ருசி பார்க்காமல் ஒருத்தி எப்படிக் கடை நடத்துவாள்? அதற்குத்தான் சோனிதா இருந்தாள். சோனிதா பக்கத்து வீட்டுக்காரி. காசிமிராவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்று, குழந்தையைக் கையில் ஏந்தியவள். அந்த உறவில் இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி ‘கொமாத்ரே’ என்று அழைத்துக்கொள்வார்கள். அது கூடப்பிறந்ததைவிடக் கெட்டியான உறவு. கூடப்பிறந்தவளோடு பேச்சை முறித்துக்கொள்ளலாம், கொமாத்ரேயோடு முடியாது. தினமும் சாயங்காலம் கறி பிசைந்ததும் காசிமிரா சின்னதாக ஒன்று தட்டிச் சுட்டுச் சோனிதாவிடம் நீட்டுவாள்.

“எப்படி இருக்கு?”

“இன்னும் ஒரு சிட்டிகை உப்பு.”

“காரம்?”

“காரம் போதும், போதும். நேத்தைவிடக் கொஞ்சம் குறைச்சுக்கோ.”

அவள் சொன்னபடி போடுவாள். வருஷக்கணக்காக இப்படியே நடந்தது. லாரிக்காரர்கள் மட்டும் கேலி செய்வார்கள். “காசிமிராம்மா, பக்கத்துல பீர் விக்கிறவன் உனக்குப் பங்கு குடுக்கிறானா? உன் பர்கரைத் தின்னா ஆத்துத் தண்ணியையே குடிக்கணும் போலிருக்கு!” அவளும் சிரிப்பாள். “வெயில்ல வண்டி ஓட்டறவனுக்கு உப்பு வேணும்டா, தின்னு” என்பாள்.

பர்கர் காசிமிராவின் யோசனை அல்ல. அவள் மகன் நபோரின் யோசனை. அவள் புருஷன் எலியோதோரோ லாரி கவிழ்ந்து செத்தபோது பையனுக்கு மீசைகூட அரும்பவில்லை. கோதுமை ரொட்டியில் பீன்ஸையும் கறியையும் சுருட்டி விற்றுத்தான் அவனை வளர்த்தாள். தோளுக்குமேல் வளர்ந்த பிறகு அவன் ஒருநாள் சொன்னான்: “அம்மா, ரொட்டிச் சுருளை இந்த ரோட்டுல நாய்கூட விக்குது. நாம பர்கர் போடுவோம்.”

“பன்னுக்கு நடுவுல கறியை வச்சுத் திங்கிறதெல்லாம் அம்மா இல்லாத பிள்ளைங்க திங்கிறதுடா. கிரிங்கோ ஊரு, அமெரிக்காக்காரன் சாப்பாடு.”

“சரி, அம்மா இருக்கிற பிள்ளை அதை எப்படித் திம்பான்னு காட்டறேன், பாரு.”

காட்டினான். கறியில் உப்பை முன்னாலேயே போட்டுப் பிசையக்கூடாது, நெருப்பில் வைக்கிற நேரத்தில்தான் தூவவேண்டும் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். மலையில் தானாக முளைக்கிற காட்டுமிளகாய், குன்றிமணி அளவுதான் இருக்கும், உச்சந்தலைவரை ஏறும். அதை உள்ளங்கையில் நசுக்கி, காட்டு ஓரிகானோ இலையோடு கறியில் சேர்த்தவனும் அவன்தான். முதல்தரம் காசிமிரா கடித்து மெதுவாக மென்றாள். பிறகு, “பரவாயில்லை” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் மற்றவர்கள் கைதட்டியதற்குச் சமம். நபோருக்கு அது தெரியும்.

அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியின் கோடியில் பச்சைப் பெயின்ட் அடித்த முக்காலி ஒன்று கிடக்கும். சாயங்காலத்தின் முதல் பர்கரை அதில் உட்கார்ந்து அவன்தான் தின்பான். வரிசையில் மேயரே நின்றாலும் சரி. “கடைக்காரன் திங்காததை ஊருக்குக் கொடுக்கக்கூடாது” என்பான். பாதியைத் தின்றுவிட்டு மீதியை அம்மாவிடம் நீட்டுவான். அவள் நின்றபடியே தின்பாள். அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

தகரக் கூரைக்குப் பதிலாகச் சுவர் வைத்த கடை ஒன்று போடவேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த ஆசையோடுதான் சம்பாதிக்க எல்லை தாண்டி வடக்கே, அமெரிக்காவுக்குப் போனான். எல்லைக்கு இந்தப் பக்கம் அல்தார் ஊரிலிருந்து போன் செய்தான். “நாளைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம்மா. அடுப்பை அணைச்சுடாதே.” அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் குரலை அவள் கேட்கவில்லை.

மூன்று மாதம் பொறுத்தாள். ஒரு வருஷம் பொறுத்தாள். கூடப் போனவர்களில் ஒருத்தன் திரும்பி வந்தான். பாலைவனத்தில் ராத்திரி எல்லைக் காவல்காரர்களின் விளக்கைக் கண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம், அப்புறம் நபோரைப் பார்க்கவில்லை என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. அவனை அடித்துக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

அந்த அக்டோபரில்தான் காசிமிரா மக்தலேனா ஊருக்கு நடந்தே போய், அங்கே கோயிலில் இருக்கிற சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள்.

மக்தலேனாச் சவேரியார் மல்லாந்து படுத்திருப்பார். மரத்தால் ஆன உடம்பு. மேலெல்லாம் ஜனங்கள் கட்டிய ரிப்பன்கள். முழுப்பெயர் பிரான்சிஸ்கு சவேரியார், ஆனால் திருநாள் கொண்டாடுவது வேறொரு பிரான்சிஸ்குவின் நாளில், அக்டோபரில். அதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முறைப்பார்களே தவிர மாற்றமாட்டார்கள். நாலாபக்கத்திலிருந்தும் நடந்தே வருவார்கள். வந்து, அவர் கழுத்துக்கு அடியில் கைகொடுத்துத் தலையைத் தூக்கி முத்தமிடுவார்கள். நேர்ந்ததை முடிக்காமல் மனசில் கடன் வைத்திருக்கிறவனுக்கு அந்தத் தலை எழும்பாது. எவ்வளவு பலசாலியானாலும் எழும்பாது. கறாரான புனிதர் அவர். நடந்து வருகிறேன் என்று நேர்ந்துவிட்டுக் காரில் வந்தவனின் கார் வழியில் புகைந்து நின்ற கதையை நம் ஊரில் வீட்டுக்கு வீடு வேறு வேறு பெயர் வைத்துச் சொல்வார்கள்.

அவர் காதில் அவள் சொன்னது இதுதான்: “என் மகன் திரும்பி வந்து, அவன் முக்காலியில உட்கார்ந்து, முதல் பர்கரைத் திங்கிறவரைக்கும் அது என் வாயில படாது. சுடுவேன், திங்கமாட்டேன்.”

ஊருக்கு வந்து வண்டியோரத்துப் பச்சை முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். அதில் யாரும் உட்காரக்கூடாது. சோனிதாவைக் கூப்பிட்டு, “இனிமே நீதான் என் நாக்கு” என்றாள். அவன் திரும்பி வருகிற அன்றைக்கு, விட்டுப்போன அதே ருசி அவனுக்காகக் காத்திருக்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

வருஷங்கள் போயின. அவளுக்கு முட்டி வலித்தது, சோனிதாவுக்குப் பல் விழுந்தது. பாலைவனத்தில் பிள்ளைகளைத் தேடித் திரிகிற பெண்கள் சிலர் ஒருதரம் வந்து, காசிமிராவின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வாங்கிப் போனார்கள். எங்கேயாவது எலும்பு கிடைத்தால் ஒத்துப்பார்க்க. அவள் கொடுத்துவிட்டு மறந்துபோனாள். இல்லை, மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தாள்.

போன பிப்ரவரியில் ஒரு பெட்டி வந்தது.

எல்லைக்கு அப்பால், வறண்ட ஓடைப்படுகையில், வேட்டைக்குப் போன ஒருத்தன் கண்டானாம். எலும்புகள், ஒரு ஷூவின் பாதி. வேறொன்றும் இல்லை. பெட்டியைக் கொண்டுவந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் ஒத்துப்போகிறது, சந்தேகமே இல்லை என்றார்.

காசிமிரா பெட்டியைப் பார்த்தாள். “இது அவனோட ஷூ இல்லை.”

“இத்தனை வருஷ வெயில்ல ஷூவோட நிறமெல்லாம் போயிடும்மா.”

“அவன் கட்டைவிரல் பக்கம்தான் முதல்ல கிழிப்பான். இது குதிகால்ல கிழிஞ்சிருக்கு.”

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

அடக்கம் நடந்தது. ஊரே வந்தது. சிலுவையில் நபோர் என்று பெயர் எழுதினார்கள். ஒன்பது நாள் செபமாலைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் காசிமிரா காப்பி போட்டாள், ரொட்டி சுட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சாவுக்கு ஒத்தாசையாக நிற்கிறவள் மாதிரியே நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பத்தாம் நாள் அடுப்பை மூட்டினாள். சின்னதாக ஒன்று தட்டிச் சுட்டு, எப்போதும்போலச் சோனிதாவிடம் நீட்டினாள்.

சோனிதா வாங்கவில்லை. “நீயே தின்னு, கொமாத்ரே. அவன் வந்துட்டான். மண்ணுல படுத்திருக்கான். நேர்ந்தது முடிஞ்சுது.”

“அவன் உட்கார்ந்து திங்கட்டும் முதல்ல.”

“எலும்பு எப்படிடி திங்கும்?”

கேட்டதுமே சோனிதா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். காசிமிரா அந்தக் கறித்துண்டை நாய்க்கு எறிந்தாள். அன்றைக்கும் அடுத்த சில நாளும் இரண்டு பேரும் பேசவில்லை. ருசி பார்க்க ஆளில்லாமலே பர்கர் விற்றது. ஒரு சாயங்காலம் சோனிதா தானாக வந்து, வாயைத் திறக்காமல் கையை நீட்டினாள். காசிமிராவும் பேசாமல் துண்டை வைத்தாள்.

“உப்பு” என்றாள் சோனிதா. சமாதானம் ஆயிற்று.

பங்குச் சாமியாரும் சொல்லிப் பார்த்தார். “உன்னை அந்த நேர்ச்சையிலிருந்து நான் விடுவிக்கிறேன், மகளே.”

“நான் உங்ககிட்டயா நேர்ந்தேன், சாமி? அவர்கிட்ட நேர்ந்தேன். நடுவுல நீங்க எதுக்கு?”

சாமியார் சிரித்துவிட்டு ஒரு பர்கர் வாங்கித் தின்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

செப்டம்பர் கடைசியில் ரோட்டில் நடைப்பயணிகள் வர ஆரம்பித்தார்கள். ஹெர்மொசியோவிலிருந்து, இன்னும் தெற்கேயிருந்து, முதுகில் துணிமூட்டையும் கையில் கம்புமாக. வழக்கம்போலக் காசிமிரா வண்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய் வைத்தாள். நேர்ந்துகொண்ட அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் மக்தலேனாவுக்குப் போனதே இல்லை. கேட்டதைக் கொடுக்காதவர் முகத்தில் போய் எதற்கு விழிக்கவேண்டும் என்பது அவள் கட்சி.

சோனிதா ஒரு சிறுவனின் கொப்புளம் வெடித்த காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “சாமியார் சொன்னா ஏத்துக்கமாட்டே. நான் சொன்னா நாய்க்கு எறிவே. அப்ப அவர்கிட்டயே போய்க் கேளேன். தலையைத் தூக்கு. வந்தது நபோர்தான்னா எழும்பட்டும். இல்லைன்னா எழும்பாம இருக்கட்டும்.”

காசிமிரா கரியைக் கிளறினாள். பிறகு, “உன் முட்டி தாங்குமா?” என்றாள்.

“என் முட்டியைப் பத்தி நீ கவலைப்படாதே. உன்னோடது?”

“என்னோடது என்னிஷ்டப்படி நடக்கும்.”

விடியுமுன் கிளம்பினார்கள். ரோட்டோரமாய், லாரிக் காற்று பாவாடையை அடிக்க, முன்னாலும் பின்னாலும் ஜனங்களோடு. வழியில் வீட்டுக்கு வீடு காப்பியும் ஆரஞ்சும் நீட்டினார்கள். சோனிதா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசிமிரா தண்ணீர் மட்டும் குடித்தாள்.

சோனிதா நினைத்தது ஒன்று. விடுதலை வேண்டி அவள் நடக்கிறாள், தலை எழும்பினால் அழுதுதீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மனுஷியாகச் சாப்பிடுவாள் என்று. காசிமிராவின் மனசில் இருந்தது வேறு. அவள் கனத்தைத் தேடி நடந்தாள். தலை எழும்பக்கூடாது. தரையில் அறைந்த கல்லாக அது கிடக்கவேண்டும். கிடந்தால், பெட்டியில் வந்தது யாரோ. பாவம், வேறு ஒருத்தியின் பிள்ளை. நபோர் எங்கோ இருக்கிறான். அவள் சாகும்வரை பர்கர் தின்னாமல் இருக்கலாம், அதில் என்ன நஷ்டம்? அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டாள். கனமாயிரு, ஐயா. கனமாயிரு.

கோயிலுக்கு வெளியே வெயிலில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், ஒரு பக்கம் குழந்தைகளின் அழுகை. அவளுக்கு முன்னால் பெரிய மீசையும் பெரிய பெல்ட்டுமாக ஒரு மாட்டுப்பண்ணைக்காரன். கன்றுக்குட்டியைத் தோளில் தூக்குகிற உடம்பு. அவன் முறை வந்தது. கழுத்துக்கு அடியில் கைகொடுத்தான். எழும்பவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. எழும்பவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாகப் போனான்.

காசிமிராவுக்கு நெஞ்சில் நம்பிக்கை பொங்கியது. சொல்லவே வெட்கமான நம்பிக்கை. இவனாலேயே முடியவில்லை. எனக்கா எழும்பும்?

நெருப்பில் சுட்டுச் சுட்டு மரத்துப்போன கையை அந்த மரக்கழுத்துக்கு அடியில் கொடுத்தாள். காதருகே குனிந்தாள். “வந்தது அவன்தானா?” என்று கேட்டாள்.

தூக்கினாள். தலை எழும்பியது.

பிரயாசையே இல்லை. பிறந்த அன்றைக்கு நபோரின் தலைக்கு இருந்த கனம்கூட இல்லை. கோழிமுட்டையைக் கூடையிலிருந்து எடுக்கிற மாதிரி எழும்பியது. அவள் கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடியும் எழும்பியது. பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

“அம்மா, ஒருதரம்தான்! பின்னால ஜனம் நிக்குது!”

“பாட்டியம்மா, அவரைத் தூங்கவிடுங்க!”

அவள் மூன்றாம்தரமும் தூக்கினாள். பிறகு அந்தத் தலையை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கித் தலையணையில் வைத்தாள், விழித்துவிடப்போகிறார் என்பதுபோல. முத்தமிட்டாள். “இவ்வளவு லேசாகவா?” என்று மட்டும் கேட்டாள். காவலாள் தோளைத் தொட்டு நகர்த்தினான்.

வெளியே சதுக்கத்து மரநிழலில், விளிம்புக்கல்மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். சோனிதா வரிசையில் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒருத்தன் பஞ்சுமிட்டாய் விற்றான். அவனையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொமாத்ரே” என்றாள் காசிமிரா. “அவனுக்கு ரொம்பத் தாகமா இருந்திருக்குமோ?”

சோனிதா தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். காசிமிரா குடிக்கவில்லை. புட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். சத்தமாக அழுதாள். திருவிழாக் கூட்டம் அவர்களைச் சுற்றி ஒதுங்கிப் போயிற்று. மக்தலேனாவில் அக்டோபரில் அழுகிறவளை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை.

பஸ்ஸில் திரும்பினார்கள். “இன்னிக்கு அடுப்பு வேண்டாம், படு” என்றாள் சோனிதா. காசிமிராவிடம் யார் அப்படிச் சொல்லி ஜெயித்திருக்கிறார்கள்? கரியைக் கொட்டி விசிறினாள். மிளகாயைச் சுட்டுத் துணியில் மூடி வைத்தாள். கறியைப் பிசைந்தாள், சோனிதாவின் நாக்கு சொன்ன கணக்கில். பிறகு பச்சை முக்காலியை நிமிர்த்தி, இடுப்பில் கட்டிய துணியால் துடைத்தாள். பெயின்ட் மேல்பக்கத்தில் மட்டும் புதுசாக இருந்தது. இத்தனை வருஷமாக அங்கே வெயில் படவில்லை.

முதல் பர்கரைச் சுட்டு முக்காலிக்கு எதிரே, பலகைமேல் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் ரோட்டிலிருந்து ஒரு நடைப்பயணி வந்தான். தாமதமாகக் கிளம்பியவன், காலை இழுத்து இழுத்து வந்தான். உடம்பெல்லாம் புழுதி. யாரையும் கேட்காமல் கண்ணில் பட்ட முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“ஏய், எந்திரி!” என்று சோனிதா பாய்ந்தாள். “அது உட்கார்ற முக்காலி இல்லை!”

அவன் பயந்து எழுந்தான். காசிமிரா அவன் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

“முக்காலின்னா உட்காரத்தான். தின்னு, மகனே. ஆறிடும்.”

நபோரின் சாயல் அவனுக்கு இல்லை. குட்டையாக, சொட்டைத் தலையாக, நாற்பதைத் தாண்டியவனாக இருந்தான். அவன் யார் மகனோ. கண்ணை மூடிக்கொண்டு தின்றான். பாதியில் நிறுத்தி, “நல்லா இருக்கும்மா” என்றான். “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” ஒரு தம்ளர் கொடுத்தாள். இன்னொன்று கேட்டான். இன்னொன்று. பீப்பாயிடமே போய் நின்றுகொண்டான்.

காசிமிரா தனக்கு ஒன்று சுட்டாள். சிலுவை போட்டுக்கொண்டு, நின்றபடியே கடித்தாள்.

மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

“என்னடி?” என்றாள் சோனிதா. “என்ன ஆச்சு? அழறியா?”

“இது யாரோட பர்கர்?”

“என்ன கேள்வி? நம்மளோடது. நபோரோடது.”

“இதுல உப்பளத்தையே கொட்டி வச்சிருக்கு. காட்டுமிளகாய் எங்கே?”

சோனிதா சால்வையின் முனையைத் திருகினாள். “இருக்கே. ஒண்ணு ரெண்டு.”

“அவன் ஒரு கைப்பிடி போடுவான்.”

“எனக்கு வயித்துல புண்ணு, கொமாத்ரே. காரம் ஆகாது. அதான் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொன்னேன்.”

“உப்பு?”

“எனக்கு உப்பே இல்லாத மாதிரி இருந்துது. சத்தியமா. இப்பவும் அப்படித்தான் இருக்கு.”

காசிமிரா அவளைப் பார்த்தாள். பல் போன வாய், சுருங்கிய உதடு. தன்னோடு சேர்ந்தே கிழமாகிப்போன நாக்கு. அதை நம்பித்தானே சிட்டிகை சிட்டிகையாக உப்பைக் கூட்டினாள். மகனுக்காகப் பத்திரமாக மூடி வைத்திருப்பதாக நினைத்த ருசி, அவள் கையாலேயே, அவளுக்குத் தெரியாமலே வெளியேறிப் போயிருந்தது. அவன் உயிரோடு வந்து இந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாலும், கடித்துவிட்டு, அம்மா, இது யார் செஞ்சது என்று கேட்டிருப்பான்.

“சொல்லியிருக்கலாமேடி, வயித்துல புண்ணுன்னு.”

“சொன்னா வேற நாக்கைத் தேடிப்பியேன்னுதான். நான் அவன் ஞானத்தாய் இல்லையா? அவனுக்காக நானும் ஏதாவது செய்ய வேண்டாமா?”

அதற்கு என்ன திட்டு இருக்கிறது? காசிமிரா தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நேர்ந்தது நேர்ந்தபடி முடியவேண்டும் என்று, அந்த உப்புப் பர்கரைக் கடைசித் துணுக்குவரை தின்றாள். முழங்கையில் வழிந்ததையும் விடவில்லை. மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, பழைய காப்பி டப்பாவை எடுத்தாள். அடியில் காட்டுமிளகாய் கிடந்தது. சுருங்கிப்போயிருந்தாலும் மணம் போகவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கினாள். இன்னும் பிசையாத கறியில் கொஞ்சம் எடுத்து, அதைச் சேர்த்துப் பிசைந்தாள். நெருப்பில் வைக்கிற நேரத்தில் மட்டும் உப்பைத் தூவினாள். சுட்டு எடுத்து ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். இல்லை. கிட்டத்தில் வந்தது, ஆனால் அது இல்லை. இன்னொன்று தட்டினாள். ஓரிகானோ கொஞ்சம் கூட. கிள்ளினாள், மென்றாள்.

“பரவாயில்லை” என்றாள்.

நடைப்பயணி தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். சோனிதா பயந்துகொண்டே ஒரு துண்டு வாங்கிக் கடித்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது, மூக்கு ஒழுகியது.

“ஐயோ, உயிரே போகுது! உப்பு வேற பத்தலைடி!”

“பத்தும்” என்றாள் காசிமிரா. ரோட்டில் ஒரு லாரி புகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. அவள் அடுத்த கறியை நெருப்பில் வைத்தாள்.